வெற்றிடமும் பூச்சியமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஏட்டிலே ஒரு கட்டம் வெறிதாய்க் கிடக்குமாயின் அதன் பொருள் யாது? கேட்ட மாத்திரத்தில் இவ்வினா சிறுபிள்ளை வினாப்போலத் தோன்றும். ஆயினும் கணினியியலார் அறுபது ஆண்டுகளாக இவ்வினாவோடு போராடி வந்துள்ளனர். அரசாங்கங்கள் இதற்குத் தவறான விடை கூறியமையால் இலட்சக்கணக்கானோர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இழந்துள்ளனர். கேகாலை மாவட்டத் தோட்டப்புறத்திலே ஆசிரியத் தொழில் புரிவோர்க்கு இவ்விரு செய்திகளும் தொடர்பற்றனவாகத் தோன்றுவதில்லை. ஆதலின் இரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பூச்சியத்திற்கும் வெற்றிடத்திற்கும் உள்ள வேற்றுமையைத் தெளிதல் வேண்டும். யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளிலுள்ள றப்பர், தேயிலைத் தோட்டங்களிலே 'பேர்' என்னுஞ் சொல்லுக்கு ஒரு சிறப்புப் பொருளுண்டு. காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று வேலைக்குச் சென்றவருக்குச் செக்றோலிலே 'பேர்' விழும். முழுநாள் வேலைக்கு முழுப்பேர், பாதி வேலைக்கு அரைப்பேர். கொழுந்தின் நிறையும் அவ்வாறே நாடோறும் எழுதப்படும். ஒருநாட் கட்டத்திலே பூச்சியம் எழுதப்பட்டிருப்பின், கணக்கப்பிள்ளை பார்த்தார், வேலை நடைபெறவில்லை, அதனை எழுதினார் என்பது பொருள். அக்கட்டம் வெறிதாயிருப்பின் நாம் யாது கூறலாம்? அன்று மழையினால் வேலை நிறுத்தப்பட்டிருக்கலாம்; வேலை செய்தும் எழுத மறந்திருக்கலாம்; அத்தொழிலாளி தோட்டத்தை விட்டே நீங்கியிருக்கலாம். பூச்சியம் ஒரு விடை. வெற்றிடமோ விடை இன்னும் கிடைக்கவில்லை என்பதன் அடையாளம். வெற்றிடத்தைப் பூச்சியமெனக் கூட்டிச் சம்பளம் வழங்குவோர், தாம் அறியாததொன்றை அறிந்ததாகப் பாவனை செய்கின்றனர். அப்பாவனையின் நட்டம் எப்பொழுதும் ஏட்டில் எழுதப்படுபவனையே சாரும், எழுதுபவனைச் சாராது.

இல்லாமை ஒருதன்மைத்தன்று என்பது நம் முன்னோர் அறியாததன்று. அன்னம்பட்டரின் தருக்கசங்கிரகத்தைச் சிவஞான முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலே தமிழாக்கினார். சைவப் பாடசாலை மரபிலே தருக்கம் பயின்றோர் அதனை நன்கறிவர். அந்நூல் அபாவம் எனப்படும் இன்மையையும் ஒரு பதார்த்தமாகக் கொண்டு நால்வகைப்படுத்தும். குடம் வனையப்படுமுன் உள்ள இன்மை ஒன்று. அது உடைந்தபின் உள்ள இன்மை மற்றொன்று. எக்காலத்தும் இல்லாதிருத்தல் பிறிதொன்று. குடம் ஆடையன்று என்றாற்போல ஒன்று மற்றொன்றாகாமை நான்காவது. 'இல்லை' என்னும் ஒரு சொல்லினுள்ளே வெவ்வேறு செய்திகள் மறைந்து கிடத்தலைக் கண்டு, அவற்றைப் பிரித்தாலன்றி வாதம் செய்தல் இயலாதென அவர் கொண்டனர். பிற்காலக் கணினியியலார் பெரும்பொருட் செலவின்பின் வந்தடைந்த இடமும் ஏறத்தாழ இதுவேயாகும்.

கணினிச் செய்நிரல் மொழிகளிலே வெற்றுப் பெறுமானம் புகுந்த வரலாற்றிற்கும் இலங்கைக்கும் ஓர் உறவுண்டு. அதனை ஆங்கிலத்தில் 'நல்' என ஒலிக்கும் சொல்லாற் குறிப்பர். நம் மொழியில் அவ்வொலி நன்மையைச் சுட்டுவதாயினும், அம்மொழிகளில் அது விளைத்த தீமை பெரிது. அதனைப் புகுத்தியவர்களுள் முதன்மையாகப் பேசப்படும் அன்ரனி ஹோர் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1934 ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்தவர். தந்தையார் குடியேற்ற நாட்டு அரசாங்க அலுவலர். தாயார் தேயிலைத் தோட்டத் துரை ஒருவரின் மகள். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலே பண்டை மொழியிலக்கியமும் மெய்யியலும் பயின்ற இவர், பின்னர் கணினியியலில் ஈடுபட்டு, விரைவாக வரிசைப்படுத்தும் முறையொன்றைக் கண்டு புகழ் பெற்றார். 1980 ஆம் ஆண்டு தியூறிங் பரிசும் இவருக்கு வழங்கப்பட்டது. கலைப்பிரிவு மாணவர்க்குக் கணினியியல் எட்டாக்கனி என்று எண்ணுவோர் இவர் வரலாற்றை நோக்குதல் தகும்.

1965 ஆம் ஆண்டளவில் ஹோர், நிக்கிலஸ் விர்த் என்பாருடன் சேர்ந்து அல்கோல் என்னும் மொழியைத் திருத்தியமைக்க முற்பட்டார். அம்மொழியில் ஒரு பதிவு மற்றொரு பதிவைச் சுட்டும் வசதியை அமைக்குங்கால், சுட்டப்படும் பொருள் இல்லாதவிடத்து யாது செய்வது என்ற வினா எழுந்தது. எதனையும் சுட்டாத ஒரு வெற்றுச் சுட்டினை அனுமதித்தல் மிக எளிதாயிருந்தமையின் அவர் அதனை ஏற்றுக்கொண்டார். பின் வந்த மொழிகள் பலவும் அவ்வழியே சென்றன. இதன் விளைவு யாதெனில், 'இம்மாணவனின் வீட்டு முகவரியைத் தருக' எனச் செய்நிரல் கேட்குமிடத்து, வீடு என்னும் கட்டம் வெறிதாயிருப்பின், இல்லாத வீட்டின் முகவரியைத் தேடி அச்செய்நிரல் நிலைகுலைந்து நின்றுவிடும். 2009 ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்த மாநாடொன்றில் ஹோர், வெற்றுச் சுட்டினைத் தாம் புகுத்தியது நூறு கோடி டொலர் பெறுமதியான தவறு எனப் பலரறியக் கூறினார். தம் கைவினையிலுள்ள குறையைத் தாமே எடுத்துரைக்கும் இப்பண்பு அறிஞர்க்கு அணியாவது.

வெற்றுப் பெறுமானத்தின் மற்றொரு வரலாறு தரவுத்தளங்களைச் சார்ந்தது. எட்கார் கொட் என்னும் அறிஞர் 1970 ஆம் ஆண்டு, தரவுகளை நிரல் நிரையான அட்டவணைகளாக வைத்துக் கையாளும் கொள்கையை வெளியிட்டார். ஒரு செய்தி தெரியாதவிடத்துப் பூச்சியத்தையோ வெற்றுச் சொல்லையோ இட்டு நிரப்பாது, 'பெறுமானம் இங்கில்லை' என்பதற்குத் தனி அடையாளம் வேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வடையாளம் புகுந்தவுடன் அளவையியலும் மாறலாயிற்று. உண்மை, பொய் என்னும் இரண்டனோடு 'அறியப்படாதது' என்னும் மூன்றாவதும் வேண்டியதாயிற்று. போலந்து நாட்டு அளவையியலாளர் யான் லூக்காசியேவிச் 1920 ஆம் ஆண்டிலேயே மும்மதிப்பு அளவையினை வகுத்திருந்தார். கொட் 1979 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அத்தகைய அளவையினைத் தரவுத்தளத்திற்கு விரித்துரைத்தார். 1990 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலே ஒருபடி மேற்சென்று, 'உண்டு, ஆனால் தெரியவில்லை' என்னும் இன்மைக்கும் 'இவருக்கு அது பொருந்தாது' என்னும் இன்மைக்கும் இரு வேறு குறிகள் வேண்டுமென்றார். தருக்கசங்கிரகத்தார் கொண்ட பிரிவுகள் வேறு. ஆயினும் இன்மையைப் பிரித்தறிதல் வேண்டும் என்னும் துணிபு ஒன்றே.

மும்மதிப்பு அளவையின் இயல்பு ஓர் உதாரணத்தால் விளங்கும். அவ்வுதாரணம் நம் மக்களின் வரலாற்றிலேயே உளது.

1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். நாடற்றோராய் நின்ற இந்திய வம்சாவளியினர் 975,000 பேரெனக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்பதெனவும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதெனவும் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர்த் தீர்க்கப்படுமென ஒத்திவைக்கப்பட்டது.

இத்தொகையினரை ஓர் அட்டவணையாக எழுதி, 'நாடு' என ஒரு நிரலை அமைத்தோமென வைத்துக்கொள்வோம். முன்னைய இரு பகுதியினருக்கும் அந்நிரலில் இந்தியா, இலங்கை என எழுதலாம். 150,000 பேரின் கட்டம் வெறிதாயிருக்கும். இனி, தரவுத்தள வினாமொழியாகிய எஸ்.கியூ.எல். வாயிலாக 'நாடு இந்தியாவாக உள்ளோரைத் தருக' என்று கேட்பின் 525,000 பெயர்கள் வரும். 'நாடு இந்தியா அல்லாதோரைத் தருக' என்று கேட்பின் எஞ்சிய 450,000 பெயர்களும் வரவேண்டுமென்றே எவரும் எண்ணுவர். ஆனால் 300,000 பெயர்களே வரும். வெற்றிடத்தை இந்தியாவோடு ஒப்பிட்டால் விடை உண்மையுமன்று, பொய்யுமன்று, அறியப்படாதது. உண்மையெனத் துணியப்பட்டனவற்றை மட்டுமே அவ்வினாமொழி தெரிந்து தருமாதலின், 150,000 பேரும் இரு பட்டியலிலும் இடம்பெறாது போவர். 'நாடு வெறிதாயுள்ளோரைத் தருக' எனப் பிரித்துக் கேட்டாலன்றி அவர்கள் வெளிப்படார். ஆமென்ற பட்டியலிலும் இல்லை, அன்றென்ற பட்டியலிலும் இல்லை என்னும் இந்நிலையினை நாடற்றோர் என்னும் சொல்லைவிடத் தெளிவாக இது காட்டுகின்றதன்றோ? பத்து ஆண்டுகள் கழித்து, 1974 ஆம் ஆண்டிலேதான் அத்தொகை நாட்டுக்கு 75,000 பேராகச் சரிபாதியாய்ப் பங்கிடப்பட்டது.

வெற்றிடம் ஏற்பட்டது எவ்வாறு என்பதையும் நோக்குதல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, அவ்வாண்டு நவம்பர் 15 ஆந் திகதிக்குமுன் இந்நாட்டிற் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடியுரிமை பெற, அவர் தந்தையும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். லயன் அறையிற் பிறந்த பாட்டனாரின் பிறப்புப் பத்திரத்தை எங்குச் சென்று பெறுவது? பத்திரம் இல்லை என்பதால் அவர் இங்குப் பிறக்கவில்லை என்பது பெறப்படாது. பெறப்படுவதெல்லாம் பதிவு இல்லை என்பதே. ஆயினும் அறியப்படாதது இல்லையென்றே கொள்ளப்பட்டது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் இடையறாத வதிவினைச் சான்றுகாட்டிப் பதிவு பெறும் வழியொன்றைத் திறந்ததாயினும், அவ்வழியிலும் விண்ணப்பங்களுட் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன.

நாற்பது ஆண்டுகளின்பின் இந்நிலை தலைகீழாயிற்று. 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம், இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பியாதிருந்த இந்திய வம்சாவளியினரை இலங்கைக் குடிமக்களாகவே கொண்டது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமோ, 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாய் வதிந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது. இரு காலத்தும் மக்கள் அவர்களே. ஏடுகளிலிருந்த வெற்றிடங்களும் அவையே. வெற்றிடத்தைக் கண்டவிடத்து எதனைக் கொள்வது என்ற விதி ஒன்றே மாறியது.

இவ்விதியினையே இக்காலச் செய்நிரல் மொழிகள் ஒரு செயற்குறியாக ஆக்கியுள்ளன. 2005 ஆம் ஆண்டு வெளிவந்த சீ சார்ப் மொழியின் இரண்டாம் பதிப்பிலே இரட்டை வினாக்குறி (??) இடம்பெற்றது. இடப்பக்கத்திலுள்ளது வெற்றிடமல்லவாயின் அதனையே கொள்க, வெற்றிடமாயின் வலப்பக்கத்திலுள்ளதைக் கொள்க என்பது அதன் கட்டளை. குரூவி என்னும் மொழி 2007 ஆம் ஆண்டளவில் வினாக்குறியும் புள்ளியும் சேர்ந்த (?.) குறியினை வழக்கிற் கொணர்ந்தது. மாணவன், அவன் வீடு, அவ்வீட்டின் முகவரி எனச் சங்கிலிபோலச் செல்லும் வினாவில், இடையில் ஒரு கண்ணி வெறிதாயின் நிலைகுலையாது, அவ்வெற்றிடத்தையே விடையாகத் தந்து அமையுமாறு செய்வது இக்குறி. வெற்றிடத்திற்கு மாற்றுக் கூறும் வேறொரு குறி (?:) பக்கவாட்டில் நோக்க எல்விஸ் பிறெஸ்லி என்னும் பாடகரின் சிகை போலத் தோன்றுதலின் அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது. 2014 இல் சுவிஃப்ட், 2016 இல் கொட்லின், 2020 இல் ஜாவாஸ்கிரிப்ட் என மொழிகள் பலவும் இத்தகைய குறிகளை மேற்கொண்டன.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் வரலாறு ஈண்டுச் சிறப்பாக நோக்கத்தக்கது. இரட்டை வினாக்குறி வருமுன் அம்மொழியினர் 'அல்லது' எனப் பொருள்படும் இரட்டைக் கோட்டினையே (||) மாற்றுப் பெறுமானம் கூறப் பயன்படுத்தினர். அக்குறிக்கு வெற்றிடமும் ஒன்றே, பூச்சியமும் ஒன்றே. தொழிலாளி ஒருவரின் கடன் மீதியைக் காட்டும் செய்நிரலில் 'மீதி அல்லது 5000' என எழுதியிருப்பின், மீதி தெரியாதவருக்கு 5000 எனக் காட்டும். கடன் முழுவதையும் செலுத்தி மீதி பூச்சியமானவருக்கும் 5000 என்றே காட்டும். கடன் தீர்த்தவர் மீண்டும் கடனாளியாவர். 'மீதி ?? 5000' என எழுதினாலோ பூச்சியம் பூச்சியமாகவே நிற்கும். இவ்வேற்றுமையின் அருமை தோட்ட வரலாறு அறிந்தோர்க்கு எளிதிற் புலப்படும். முற்காலத்திற் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் அத்துண்டிலே எழுதப்படும். அத்தொகை செலுத்தப்பட்டாலன்றி அவர் வேறு தோட்டத்திற்குச் செல்லுதல் இயலாது. 1921 ஆம் ஆண்டிலேயே அம்முறை ஒழிக்கப்பட்டது. அத்துண்டிலே பூச்சியம் என்பது விடுதலையாகும். அதனை வெற்றிடமெனக் கருதி வேறு தொகையால் நிரப்புதல் எத்துணைக் கொடிதென்பதை விரித்துரைத்தல் வேண்டா.

நம் பாடசாலைகளில் உயர்தர வகுப்பினர் பயிலும் பைதன் மொழியில் இச்செயற்குறிகள் இல்லை. அவற்றைச் சேர்க்க 2015 ஆம் ஆண்டு ஒரு முன்மொழிவு வரையப்பட்டு, பின் ஒத்திவைக்கப்பட்டது. அம்மொழியிலும் 'அல்லது' என்னும் சொல்லை மாற்றுப் பெறுமானத்திற்காக ஆளுங்கால் பூச்சியம் வெற்றிடத்தோடு சேர்த்துத் தள்ளப்படும். ஆதலின் மாணவர்கள் பெறுமானம் வெற்றிடந்தானா என்பதை வெளிப்படையாக வினவியே எழுதப் பழகுதல் நன்று.

புதிய குறிகளிலும் ஓர் இடர் உண்டு. வினாக்குறியும் புள்ளியும் சேர்ந்த குறி செய்நிரலை நிலைகுலையாமற் காக்கும்; ஆயின் வெற்றிடம் எங்கே தோன்றியது என்பதைச் சொல்லாது. லயன் அறைகளுக்குத் தனி முகவரியின்றித் தோட்ட அலுவலகத்தின் வழியே கடிதம் பெறுதல் நம் மக்களிடையே நெடுநாள் வழக்கு. முகவரி எனக் கேட்டு வெற்றிடம் பெற்ற செய்நிரல், மாணவன் பெயரே பதிவாகவில்லையா, வீடு பதிவாகவில்லையா, வீடிருந்தும் முகவரி இல்லையா என்பதனை அறியாது. முன்னர் இரைந்து வீழ்ந்த பிழை இப்பொழுது ஓசையின்றிக் கடந்து போகும். பரீட்சை அனுமதிப்பத்திரம் ஒரு மாணவனுக்கு மட்டும் வந்து சேராது. வெற்றிடம் வருதல் முறையே என நாம் அறிந்த இடத்தில் மாத்திரம் அக்குறியினை ஆளுதல் வேண்டும்; எங்கும் தெளித்துவிடுதல் நோயை மறைக்கும் மருந்தாகும்.

இவ்விடர் நோக்கியே அறிஞர் வேறொரு காவலையும் அமைத்தனர். ஒரு கட்டம் வெறிதாயிருக்கலாமா, ஆகாதா என்பதனை முதலிலேயே அறிவிக்க வேண்டுமென்பது அது. ஹாஸ்கெல் முதலிய மொழிகளில் இக்கருத்து முன்னரே உண்டு. சுவிஃப்ட், கொட்லின் ஆகியவை தொடக்கத்திலேயே இதனை ஏற்றன. சீ சார்ப் 2019 ஆம் ஆண்டிலும் டார்ட் 2021 ஆம் ஆண்டிலும் இதனைச் சேர்த்துக்கொண்டன. வெறிதாகலாம் என அறிவிக்கப்பட்ட கட்டத்தை, வெறிதானால் யாது செய்வதென எழுதாமற் பயன்படுத்தினால், செய்நிரல் ஓடுமுன்னரே மொழி தடுத்துக் கூறும். சீ சார்ப் மொழி எச்சரித்துக் கூறும். பிழை நேர்ந்தபின் மக்கள் வருந்துவதைவிட, எழுதுவோன் முன்னரே சிந்திக்குமாறு செய்யும் ஒழுங்கு சிறந்ததன்றோ?

ஆயினும் எம்மொழியும் செய்ய இயலாத பணியொன்று உளது. வெறிதாகலாமா என்பதனை முடிவு செய்பவர் படிவத்தை வகுப்பவரே. தமிழருட் பலருக்குக் குடும்பப் பெயர் என ஒன்றில்லை; தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயருமே உண்டு. குடும்பப் பெயர் கட்டாயமென வகுக்கப்பட்ட படிவங்களில் அவர்கள் எதையேனும் இட்டு நிரப்ப நேர்கின்றது. தனிப்பெயர் உடையோரின் அமெரிக்க விசாவில், முதற்பெயர் அறியப்படவில்லை எனப் பொருள்படும் மூன்றெழுத்துக் குறிப்பே அவர் முதற்பெயர்போல நிற்கின்றது. இது கொட் பிரித்துக் காட்டிய இரண்டாவது இன்மை: அவருக்கு அப்பெயர் பொருந்தாது. அதனை 'அறியப்படவில்லை' என முதல்வகையில் எழுதியமையே தவறு.

இன்று நாட்டின் பதிவேடுகள் பலவும் ஏட்டினின்று கணினிக்குப் பெயர்க்கப்பட்டு வருகின்றன. அப்பணியிலே நாளை அமரப்போவோர் இன்று நம் வகுப்புகளில் இருக்கும் மாணவர்களே. பழைய ஏட்டிலே வெறிதாயுள்ள கட்டமொன்றைக் காணுங்கால், அதனைப் பூச்சியமாகவோ 'இல்லை' எனவோ மாற்றிவிடாது வெற்றிடமாகவே பெயர்த்தெழுதுக. மாற்றுப் பெறுமானம் இட நேரின், அதனை இடும் அதிகாரம் யாருடையது, அதனால் நட்டமடைபவர் யார் என முதலில் வினவுக. நம் பாட்டன்மாரின் பிறப்பு எழுதப்படாத கட்டத்திலே பிறர் 'இல்லை' என வாசித்தமையால் கழிந்த ஆண்டுகள், 1948 முதல் 2003 வரை ஐம்பத்தைந்து.